முதலில் தண்ணீர், அப்புறம் மீன்



முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி பிள்ளைகள் வீட்டில்தான். இந்த நாட்களில் மாலை வேளையில் நம் நெய்வேலி மந்தாரக்குப்பம் கடைத்தெருப் பக்கம் போனால் ஒரு காட்சி கண்ணில் படும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு குழந்தை. கையில் காற்று நிரப்பிக் கட்டிய பாலிதீன் கவர். அதற்குள் நாலு கோல்டு ஃபிஷ். அப்பாவின் காலடியில் புதுக் கண்ணாடித் தொட்டி, ஒரு பை கலர் கல், ஒரு ஏர் பம்ப். குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு மலர்ச்சி!

அந்த மலர்ச்சி ஒரு வாரமாவது நிலைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பல வருடமாக வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவன் என்பதால், நண்பர்களும் வாசகர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கம். "சார், எந்த மீன் சாகாமல் இருக்கும்?" எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். நான் சொல்லும் பதில் யாருக்கும் உடனே பிடிப்பதில்லை. தொட்டியை இன்றைக்கே வாங்குங்கள், கல்லைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், ஃபில்டரை ஓட விடுங்கள். மீனை மட்டும் ஒரு மாதம் கழித்து வாங்குங்கள். இதுதான் அந்தப் பதில்.

"ஒரு மாசம் வெறும் தண்ணியையா பார்த்துக்கிட்டு இருக்கறது?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏன் காத்திருக்க வேண்டும் என்று கடையில் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீன் சாப்பிடுகிறது, கழிவு வெளியேற்றுகிறது. அந்தக் கழிவில் பெரும் பகுதி அம்மோனியா. அது மீனின் செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துகொண்டிருக்கிறது. மிச்சம் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆறு, ஏரியில் இது ஒரு பிரச்சினையே இல்லை, தண்ணீர் அவ்வளவு இருக்கிறது. நம் வீட்டு ஹாலில் இருப்பதோ ஐம்பது லிட்டர். அம்மோனியா அதை விட்டு எங்கே போகும்? தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும். ஆனால் மீனுக்குச் செவுள் எரியும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். குழந்தை, "அப்பா, மீன் பேசுது பாருங்க" என்று குதிக்கும். இரண்டொரு நாளில் மீன் தலைகீழாக மிதக்கும்.

இயற்கையில் இந்த நஞ்சை அழிக்கிறவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும், செடிக்கோ அது உரம். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் நீண்ட காலம் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 1998இல் டிமோதி ஹோவனெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் மீன் தொட்டிகளையே ஆராய்ந்து பார்த்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். இத்தனை கோடி வீடுகளில் இருக்கும் ஒரு பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதே முப்பது வருடத்துக்குள்தான் சரியாகத் தெரிய வந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்!

பாலைக் காய்ச்சி வைத்தால் மட்டும் தயிராகிவிடுமா? உறை ஊற்ற வேண்டும், அசைக்காமல் விட வேண்டும். மீன் தொட்டிக்கும் உறை வேண்டும். ஒரு வித்தியாசம், தயிர்க் கிருமிகள் ஒரே ராத்திரியில் பெருகிவிடும். இந்த பாக்டீரியாவோ ஒன்று இரண்டாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டி பழக நாலிலிருந்து ஆறு வாரம் ஆவது இதனால்தான்.

இந்த உறை எங்கே கிடைக்கும்? தெருவில் யார் வீட்டிலாவது ஒரு வருடமாக நல்லபடியாக ஓடும் தொட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்கள் ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். காப்பித் தூள் நிறத்தில் வழவழவென்று இருக்கும், மழை பெய்த தோட்டத்து மண் வாசனை வரும். நாற்றம் இருக்காது. அதில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கச் சொல்லி, காய விடாமல் அதே தண்ணீரோடு கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் என்பது பாதியாகக் கூடக் குறையும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போட்டு வாருங்கள், மீன் இல்லாவிட்டாலும். அது அழுகி அம்மோனியா வந்தால்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, தினமும் எந்த நிறம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நிறம் ஏறி, பிறகு இறங்கி, ஒரு நாள் ஒன்றுமே இல்லை என்று வரும்போது அந்தக் குழந்தையே உங்களிடம் ஓடிவந்து சொல்லும். கோடை விடுமுறைக்கு இதைவிட நல்ல ஹோம்வொர்க் எனக்குத் தெரியவில்லை.

இந்த பாக்டீரியாவைத் தெரிந்துகொண்டால் இன்னொரு விஷயமும் விளங்கும். பொங்கலுக்கு நாம் வீட்டையே கழுவி விடுகிறோம். கூடவே மீன் தொட்டியையும். மீனை வாளியில் எடுத்து வைத்து, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லைச் சோப்புத் தூள் போட்டு அலசி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி, பளிச்சென்று ஆக்கி மீனை விடுகிறோம். மாட்டுப் பொங்கலுக்குள் மீன் ஒவ்வொன்றாக மிதக்கிறது. "இவ்வளவு சுத்தமா வெச்சும் செத்துப்போச்சே" என்று வீட்டில் வருத்தம். அந்தச் சுத்தம்தான் காரணம். ஒரு வருடமாகச் சேர்ந்த பாக்டீரியா ஒரே காலையில் சாக்கடைக்குப் போய்விட்டது. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்துவிடுங்கள். அது போதும்.

மீன் செத்தால் நம் வீடுகளில் உடனே வரும் பேச்சு ஒன்று உண்டு. "வீட்டுக்கு வந்த கண்ணை அது வாங்கிக்கிட்டுப் போச்சு." பெரியவர்கள் மன ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை நம்பிவிட்டு, அடுத்த நாளே அதே தண்ணீரில் வேறு நாலு மீனை வாங்கி விடுகிறோமே, அதுதான் சங்கடமாக இருக்கிறது. திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அம்மோனியா அதே தொட்டியில்தானே இருக்கிறது? மீன் செத்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

இனி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் காலுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி. அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கம் தோண்ட முடியாது என்பதால் இரவு பகலாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் வடக்குத்தில் சுத்திகரிக்கப்படும் வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கே போகிறது. தண்ணீரை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் நாமே, நம் வீட்டுக் குழாயில் என்ன வருகிறது என்று நின்று கவனிப்பதில்லை. மீன் வளர்க்கிற வீட்டில் கவனித்தே ஆக வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு அது பாதுகாப்பு, மீன் செவுளுக்கும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் அது விஷம். வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் கேளுங்கள். சோடியம் தயோசல்ஃபேட்தான் அது. போர் தண்ணீர் என்றால் குளோரின் தொல்லை இல்லை, ஆனால் உப்பும் கடினத்தன்மையும் தெருவுக்குத் தெரு மாறும். கப்பி, மோலி போன்ற மீன்களுக்குக் கடின நீர் ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ரா போன்றவை அமேசான் பக்கத்து மென்மையான நீரில் பிறந்த இனம், அவை சிரமப்படும். உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள். மீனுக்கு ஏற்றபடி தண்ணீரை மாற்றும் வேலை முடிவில்லாதது.

"சார், நாங்க ஆர்.ஓ. தண்ணியைத்தான் ஊத்தறோம், மினரல் வாட்டர்!" என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. பாசத்தில் செய்கிறார்கள். ஆனால் ஆர்.ஓ.வில் தாது உப்புகள் பெரும்பாலும் வடிந்துவிடுகின்றன. அமிலத்தைத் தாங்கும் சக்தி அந்தத் தண்ணீருக்கு இல்லை. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாகும். தாங்கிப் பிடிக்க உப்பு இல்லாததால் ஒரு நாள் பி.ஹெச். சட்டென்று சரிந்துவிடும். கடினமான போர் தண்ணீரில் கொஞ்சம் ஆர்.ஓ. கலப்பது வேறு விஷயம். வெறும் ஆர்.ஓ. வேண்டாம். எதிர்ப்பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பி.ஹெச். 7இலிருந்து 8க்கு ஏறினால், இருக்கும் அம்மோனியாவில் நஞ்சான பங்கு சுமார் 10 மடங்காகும். கடினமான போர் தண்ணீரில் பி.ஹெச். கூடுதலாக இருக்கக்கூடும். போர் தண்ணீர்க்காரர்கள் தீனி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டியது இதனால்தான்.

தீனி! இதில்தான் நம் வீட்டு அன்பு கரை மீறுகிறது. கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை நம் கை. காலையில் தாத்தா ஒரு பிடி, பள்ளிக்குக் கிளம்பும்முன் குழந்தை ஒரு பிடி, "பாவம், யாருமே போடலை போலிருக்கு" என்று பாட்டி ஒரு பிடி. மீன் எப்போது போனாலும் கண்ணாடி ஓரம் வந்து வாலாட்டும். அது பசி என்று நமக்குத் தோன்றும். மீனின் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்று மீன்காரர்கள் சொல்லும் கணக்கை நினைவில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை அல்லது இரு வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தப்பில்லை. ஊருக்குப் போகிறீர்களா? நன்றாக வளர்ந்த மீன் நாலைந்து நாள் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.

அடுத்து, அந்த உருண்டைக் கிண்ணம். டிவி பக்கத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கோல்டு ஃபிஷ் என்றால் கிண்ணம் என்று சினிமாவும் விளம்பரமும் நமக்குப் பழக்கிவிட்டன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய அதே 1956இல், இங்கிலாந்தில் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்தது டிஷ் என்ற கோல்டு ஃபிஷ். 1999 வரை அது உயிரோடு இருந்தது. 43 வருடம்! கின்னஸ் புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு. எல்லா மீனும் அப்படி வாழாது, ஆனால் நல்ல தொட்டியில் 10, 15 வருடம் வாழ்வது கோல்டு ஃபிஷ்ஷுக்குச் சாதாரணம். இருபது சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அந்த மீனை மூன்று லிட்டர் கிண்ணத்தில் வைத்து மூன்று வாரத்தில் இழக்கிறோம். பிறகு அதற்கு ஆயுசு கம்மி என்று சொல்கிறோம். இத்தாலியின் ரோம் நகராட்சி 2005இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைப்பதற்கே தடை போட்டது. நமக்குச் சட்டம் வேண்டுமா? வாங்காமல் விட்டாலே போதும்.

"அப்படின்னா ஃபைட்டர் மட்டும் பாட்டிலில் இருக்குதே?" கடையில் வரிசையாகப் பார்க்கிறோம், கேள்வி வரத்தான் செய்யும். ஃபைட்டர் மீனுக்குச் செவுளோடு கூடத் தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி அதிலிருந்து பிராணவாயு எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செட்டையை விரித்தபடி மெதுவாக மேலே வரும், உதட்டால் தண்ணீர்ப் பரப்பை ஒரு தொடு தொட்டு, ஒரு சின்னக் குமிழி விட்டுவிட்டுக் கீழே இறங்கும். தாய்லாந்து இதை 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்திருக்கிறது.

இதே உறுப்பு உள்ள மீன் நம் ஊர் வயல் வாய்க்காலிலும் உண்டு, பனையேறிக் கெண்டை. 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, அது பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாகவே எழுதி வைத்தார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் அச்சிட்டது. மரம் ஏறுவதை அறிஞர்கள் இன்றும் சந்தேகிக்கிறார்கள். ஆனால் மழை நாளில் அது குளத்தை விட்டுக் குளம் தரையில் நகர்ந்து போவதை நம் கிராமத்துப் பெரியவர்கள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். இப்படிக் காற்றைச் சுவாசிப்பதால் ஃபைட்டர் பாட்டிலில் மூச்சுத் திணறிச் சாகாது. அதே பாட்டிலில் அம்மோனியா சேர்ந்து சாகும். பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர், இரண்டு செடி, ஒரு மூடி கொடுங்கள். அதன் நிறமே மாறிப்போவதைப் பார்ப்பீர்கள்.

செடி என்றதும் ஒரு விஷயம். 1849–50 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ், வாலிஸ்னேரியா செடி, சில நத்தைகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தார். செடி பிராணவாயு தந்தது, நத்தை அழுகிய இலையைத் தின்றது, மீன் நலமாக இருந்தது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் தொட்டிக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். நம் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. பள்ளியில் ஹைட்ரில்லாவைப் புனலுக்கு அடியில் வைத்துக் குமிழி எண்ணியவர்கள்தானே எல்லோரும்? அந்த வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் நம் பக்கத்து நீர்நிலைகளிலேயே வளர்பவை. பிளாஸ்டிக் செடிக்குச் செலவழிக்கும் காசில் பாதிக்கு இந்தச் செடிகளைக் கடையிலேயே வாங்கிவிடலாம். வாங்கி வந்ததும் நன்றாக அலசி, சில நாள் தனி வாளியில் வைத்திருந்து பிறகு தொட்டியில் நடுங்கள்.

வெயில் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் மீன் பற்றிப் பேச முடியுமா? அக்கினி நட்சத்திரம் வரப்போகிறது. தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூட்டில் மீனுக்குத் தேவை அதிகம். ஆகவே தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். பகலில் விளக்கை அணையுங்கள். தொட்டியின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம், பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்க விடுங்கள்.

மூடி அவசியம். நம் ஊர் ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதே நிலக்கரிக் கருந்தூசி திறந்த தொட்டியின் மேல் மெல்லிய ஆடையாகப் படியும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வெளிச்சத்தில் எண்ணெய் போல மின்னும். அது காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கிறது. ஒரு தாளைப் பரப்பில் விரித்து மெதுவாக இழுத்தால் ஆடை தாளோடு வந்துவிடும். காற்று போய்வர இடம் விட்டு, மூடியை எப்போதும் போட்டு வையுங்கள்.

கரண்ட் போனால்? 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யார் மறப்பார்கள்? பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நாட்டுக்கே மின்சாரம் தரும் பகுதியைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது எங்கள் வீட்டில் மாற்றி மாற்றி ஒருவர் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து, மக்கில் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்படி ஊற்றும்போதுதான் பிராணவாயு கலக்கிறது. ஏர் பம்ப் செய்வதும் அதையேதான், அந்தக் குமிழிகளைவிட மேற்பரப்பு அலைவதுதான் முக்கியம். தீனியை நிறுத்திவிட வேண்டும், மீன் சாப்பிடாவிட்டால் கழிவும் குறைவு. இன்றைக்கு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் கிடைக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செலவு? 10 வாட் ஃபில்டர் இடைவிடாமல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள்தான் வரும். பணம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. பெரிய பிரச்சினையைப் பற்றி வீட்டில் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. வாரா வாரம் தண்ணீர் மாற்றப் போவது யார்?

பிள்ளை கேட்டது, அப்பா வாங்கி வந்தார், மூன்றாம் வாரத்திலிருந்து அம்மா செய்கிறார். எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? காலையில் சமையல், டிபன் பாக்ஸ், வேலைக்குப் போகும் அவசரம், இதற்கு நடுவே இரண்டு வாளித் தண்ணீரையும் அவர் சுமக்க வேண்டுமா? தொட்டி வாங்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஞாயிறு காலை அரை மணி நேரம், அப்பாவும் பிள்ளையும். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சாமல், தண்ணீருக்குள் முக்கி நிரப்பி விரலால் அடைத்து வாளிக்கு இறக்கச் சொல்லிக் கொடுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள். நைட்ரேட் நிறைந்த தண்ணீர் அது. கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றுங்கள். இலை கரும்பச்சையாக மாறுவதைப் பார்த்ததும், அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டு அம்மாவே தண்ணீர் மாற்றியாச்சா என்று கேட்பார்.

இன்னொன்று, எடை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டியிலேயே 56 லிட்டர் தண்ணீர். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எழுபது கிலோவைத் தாண்டும். பிளைவுட் டிவி ஸ்டாண்டு தாங்காது. கடப்பா கல் பதித்த மேடை உத்தமம், தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமான விஷயம்.

கடையில் "இது டேங்க் கிளீனர், பாசியைத் தின்னுடும்" என்று இரண்டு அங்குலத்தில் ஒரு கறுப்பு மீனைத் தருவார்கள். சக்கர் மீன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும், பிள்ளைகளுக்கு வேடிக்கை. தென் அமெரிக்காவின் ஆறுகளைச் சேர்ந்த அது ஓர் அடிக்கு மேல் வளரும். உடம்பெல்லாம் கவசம், செட்டையில் முள். வளர்ந்ததும் தொட்டியில் இடமில்லை. கொல்ல மனமில்லை. "பாவம், உயிரோட இருக்கட்டும்" என்று ஏரியில் விட்டுவிட்டு வருகிறோம், புண்ணியம் என்று நினைத்து.

ஏரியில் என்ன ஆகிறது? காற்றையும் சுவாசிக்கும் என்பதால் தண்ணீர் வற்றினாலும் அது சீக்கிரம் சாவதில்லை. கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது, கரை பலவீனமாகிறது. மீனவர் வலையில் சிக்கினால் முள் வலையைக் கிழிக்கிறது. விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. நம் கெண்டையும் அயிரையும் மேயும் பாசியை அது மேய்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இப்போது அது குடியேறிவிட்டது. அது நடந்து வரவில்லை, நம்மைப் போல் யாரோ ஒருவர் வீட்டு வாளியிலிருந்துதான் போயிருக்க வேண்டும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் எல்லாம் வலையில் வந்தது செய்திகளில் வந்ததே, நினைவிருக்கிறதா? அவையும் யாரோ வளர்த்தவைதான்.

நம் பக்கத்தில் சுரங்கத் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போகிறது. பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்குப் போகிறது. வழியெல்லாம் நெல் வயல், வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள். நாம் வாய்க்காலில் விடுகிற ஒரு ஜோடி மீன் அத்தனை தூரமும் போகும். கொசுவை ஒழிக்க 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைக் கொண்டுவந்து நாடு முழுக்க விட்டார்கள். நல்ல எண்ணம்தான். அது கொசுப் புழுவோடு நிற்காமல் நம் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது, திரும்பப் பிடிக்க வழியில்லை.

அதனால் சக்கர் மீனை வாங்கவே வேண்டாம். பாசி பிடித்தால் ஒரு பழைய ஸ்பாஞ்சால் கண்ணாடியைத் துடைத்தால் போகிறது. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மீன் இருந்தால் வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். கடையும் ஆளும் கிடைக்காவிட்டால் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மீன் என்ன இனம், எவ்வளவு பெரிது என்று குறிப்பிடுங்கள். பழகிய தொட்டி வைத்திருப்பவர்கள், "எங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு தருகிறோம்" என்றும் எழுதலாம். மீனைக் கொடுக்க விரும்புகிறவரையும் வாங்க விரும்புகிறவரையும், உறை கேட்கிறவரையும் தருகிறவரையும் சேர்த்து வைக்கும் வேலையை அடுத்த இதழிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்